ஊர்ப் பெயரும் அணியின் உரிமையும்

நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுபவை ஊர்ப் பெயர்களே. சென்னை வென்றது, மும்பை வீழ்ந்தது, கோவை இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது, நெல்லை போராடித் தோற்றது என்றெல்லாம் தலைப்புகள் இருக்கும். வென்றவர்கள் பதினொரு பேர்தான். ஆனால் அந்த ஊரில் பிறந்தவர், பிழைக்கப் போனவர், அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்க்காதவர் உட்பட அனைவரும் ‘நாம் வென்றோம்’ என்கிறோம். இந்த ‘நாம்’ என்ற சொல்லுக்கு என்ன ஆதாரம்? ஓர் அணி ஓர் ஊரின் பெயரைத் தாங்கினால் அது அந்த ஊருக்கு உரியதாகிவிடுமா? பொருளியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னைச் சில காலமாகவே தொடர்ந்து வருகிறது. நம் தென் மாவட்டங்களின் அணிகளையே சான்றாகக் கொண்டு விடை தேட முயல்கிறேன். கடல் கடந்த ஒரு சிற்றூரின் கதையும் இடையில் வரும். அதற்கும் நமக்கும் தொடர்பு உண்டு என்பதைப் படித்து முடிக்கும்போது நண்பர்கள் ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

அலுவலகங்கள் வளர்த்த அணிகள்

நம் நாட்டில் நெடுங்காலம் பெரிய அணிகள் ஊர்ப் பெயரைத் தாங்கவில்லை. தொடக்கத்தில் இருந்தவை சங்கங்கள். சென்னையில் ஆங்கிலேயர்கள் 1846-இல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினர். அதில் இந்தியருக்கு இடமில்லை. அதற்கு விடையாக 1888-இல் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை அமைத்தார். சென்னையில் இந்தியர்கள் தமக்கென ஓர் இடம், ஒரு பெயர், ஓர் அணி என்று கிரிக்கெட்டில் நிலைபெற்றது அவரால்தான். இன்றும் அவர் பெயரில் போட்டி நடத்தப்படுகிறது. 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ஆட்டமே ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். அது ஒரே நாளில் முடிந்து சென்னை வென்றது.

விடுதலைக்குப் பின் அணிகளைத் தாங்கியவை அலுவலகங்களும் ஆலைகளும் ஆகும். ரயில்வே, காவல்துறை, மின்வாரியம், வங்கிகள், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆகியவற்றின் பெயர்களே போட்டி அட்டவணைகளில் நிறைந்திருந்தன. ரஞ்சிக் கோப்பையில் மாநிலங்களோடு சரிக்குச் சரியாக ரயில்வே அணியும் படைத்துறையினரின் சர்வீசஸ் அணியும் இன்றும் ஆடுகின்றன.

இதற்குக் காரணம் எளிது. அக்காலத்தில் விளையாட்டு சோறு போடவில்லை. வேலைதான் சோறு போட்டது. நன்றாக ஆடும் ஏழை இளைஞனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் அவன் குடும்பம் பிழைத்தது. நிறுவனத்துக்குப் பெயர் கிடைத்தது. ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. அவனை உருவாக்கிய ஊருக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. திண்டுக்கல்லிலோ தூத்துக்குடியிலோ தெருப்புழுதியில் ஆடப் பழகியவன் கடைசியில் ஒரு வங்கியின் பெயரைப் பனியனில் சுமந்துகொண்டு களம் இறங்கினான்.

தாழையூத்திலிருந்து சேப்பாக்கம் வரை

இந்த நிலை மாறத் தொடங்கிய ஆண்டு 2008. அந்த ஆண்டு தொடங்கிய இந்தியன் பிரீமியர் லீக்கில் எட்டு அணிகள் எட்டு ஊர், மாநிலப் பெயர்களில் ஏலம் விடப்பட்டன. சென்னை அணியை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்தார் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். இந்தியா சிமெண்ட்ஸ் 1946-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் ஆலை 1949-இல் இயங்கத் தொடங்கிய இடம் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு நிறுவனரான சங்கரலிங்க ஐயரின் நினைவாகவே சங்கர் நகர் என்று பெயர். தாழையூத்துச் சுண்ணாம்புக் கல்லில் வேரூன்றிய ஒரு நிறுவனம்தான் பிற்காலத்தில் சென்னை என்ற பெயரை விலை கொடுத்து வாங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

அதன் பிறகு நடந்தவை பொருளியல் பாடம் போன்றவை. சூதாட்டப் புகார் வழக்கின் முடிவில் சென்னை அணி 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகள் ஆடத் தடை விதிக்கப்பட்டது. ஊர் எங்கும் போய்விடவில்லை, ரசிகர்களும் போய்விடவில்லை. ஆனால் அணி இல்லை. அதன் முன்னணி ஆட்டக்காரர்கள் புனே, குஜராத் அணிகளுக்குப் பங்கிடப்பட்டனர். 2018-இல் அணி மீண்டும் வந்து அந்த ஆண்டே கோப்பையையும் வென்றது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் அல்ட்ராடெக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சென்னை அணி தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், ஆலை கை மாறியும் அணி கை மாறவில்லை. ஓர் அணி என்பது சட்டத்தின் பார்வையில் எடுக்கவும் வைக்கவும் பிரிக்கவும் கூடிய ஒரு சொத்து என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

சென்னை தன் அணியைத் திரும்பப் பெற்றது. எல்லா ஊர்களுக்கும் அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. கொச்சியின் பெயரில் 2011-இல் ஓர் அணி வந்தது. ஒரே ஓர் ஆண்டு ஆடியது. பணம் செலுத்துவதில் எழுந்த சிக்கலால் அதே ஆண்டு உரிமம் பறிக்கப்பட்டது. இன்று அது வினாடி வினாப் போட்டிக்கு உதவும் ஒரு பெயராக மட்டுமே நிற்கிறது.

தூத்துக்குடியின் கோப்பை

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று தமிழ்நாடு பிரீமியர் லீக். 2016-இல் இது தொடங்கியபோது சேப்பாக்கம், திருவள்ளூர், காஞ்சி, திண்டுக்கல், மதுரை, காரைக்குடி, கோவை, தூத்துக்குடி என்ற எட்டுப் பெயர்களில் அணிகள் வந்தன. சிற்றூர்களின் இளைஞர்களும் தொலைக்காட்சியில் தோன்றும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. அந்த நன்மையை மறுக்க முடியாது.

ஆனால் முதல் ஆண்டில் ஆட்டங்கள் நடந்த இடங்கள் மூன்றே மூன்று: சென்னைச் சேப்பாக்கம், திண்டுக்கல் மாவட்டம் நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர். எட்டு ஊர்ப் பெயர்கள். மூன்று ஊர் மைதானங்கள்! அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் சேப்பாக்கம் அணியைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றது தூத்துக்குடியின் பெயர் தாங்கிய டூட்டி பேட்ரியாட்ஸ் அணி. ஆயினும் தூத்துக்குடி மண்ணில் அந்த அணி ஓர் ஆட்டமும் ஆடவில்லை. முத்துநகர் மக்கள் தம் அணியைப் பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர வேண்டியிருந்தது. அல்லது நெல்லைக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் பெயர்கள் ஊர் விட்டு ஊர் போயின. 2017-இல் காஞ்சி அணி திருச்சி அணியாயிற்று. 2018-இல் திருவள்ளூர் அணி, வெறுமையாகக் கிடந்த காஞ்சிப் பெயரை எடுத்துக்கொண்டது. 2021-ஆம் ஆண்டுப் போட்டிக்குள் அதே அணி உரிமையாளர் மாறி ‘நெல்லை ராயல் கிங்ஸ்’ ஆயிற்று. தூத்துக்குடி அணி ‘சேலம் ஸ்பார்டன்ஸ்’ ஆயிற்று. காரைக்குடி அணி திருப்பூர் அணியாயிற்று. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஒரே அணி திருவள்ளூர், காஞ்சி, நெல்லை என்று மூன்று ஊர்களுக்குச் சொந்தமானது. காஞ்சிபுரமோ இரண்டு அணிகளைப் பெற்று இரண்டையும் இழந்தது.

2023 ஜூலை 12 அன்று இறுதிப் போட்டி திருநெல்வேலியிலேயே நடைபெற்றது. சொந்த மண்ணில் நெல்லை அணியும் கோவை அணியும் மோதின. கோவை 104 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. அன்று நம் விடுதி மாணவர்கள் பலர் இரவு வெகுநேரம் வருத்தத்தோடு விழித்திருந்தனர். நானும் அவர்களில் ஒருவன். 2025-இல் திருப்பூர் அணி கோப்பையை வென்றபோது, ‘இது நம்மிடம் இருந்த அணிதானே’ என்று காரைக்குடியில் யாரேனும் ஒருவர் எண்ணியிருக்கக் கூடும். தூத்துக்குடி வென்ற 2016-ஆம் ஆண்டுக் கோப்பையும் ஏடுகளில் இருக்கிறது. அதைத் தமது என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் இன்று அணி இல்லை.

இதில் எவரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. பணம் போட்டவர் நட்டம் வந்தால் விற்கிறார்; வாங்கியவர் தமக்கு வசதியான ஊரின் பெயரைச் சூட்டுகிறார். வணிகத்தில் இது முறையே. ஆனால் பெயரை மட்டும் பெற்ற ஊருக்கு அந்த அணியின் மீது எந்த உரிமையும் இல்லை என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

இரவோடு இரவாகச் சென்ற அணி

இந்த முறைக்குத் தாய்நாடு அமெரிக்கா. அங்கே பெரிய விளையாட்டு அணி என்பது கூட்டமைப்பு ஒன்றிடமிருந்து பெற்ற உரிமம். சோடா கம்பெனியிடமோ பெட்ரோல் கம்பெனியிடமோ ஒருவர் விற்பனை உரிமம் எடுப்பதைப் போன்றது அது. உரிமம் ஊருக்கு வழங்கப்படுவதில்லை; உரிமையாளருக்கே வழங்கப்படுகிறது. வேறோர் ஊர் பெரிய அரங்கம் கட்டித் தருகிறேன், வரிச் சலுகை தருகிறேன் என்று அழைத்தால், கூட்டமைப்பின் இசைவோடு அவர் அணியைக் கொண்டுபோய்விடலாம்.

மின்னியாபோலிஸ் நகரில் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. ஏரிகள் நிறைந்த மாநிலம் என்பதால் ‘லேக்கர்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தனர். 1960-இல் அணி லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குச் சென்றுவிட்டது. ஏரிகள் மின்னியாபோலிசில் இருக்கின்றன. அவற்றின் பெயர் மட்டும் கடற்கரை நகரத்தில் இருக்கிறது. பால்டிமோர் நகரின் ‘கோல்ட்ஸ்’ கால்பந்து அணியின் கதை இதனினும் வேதனையானது. 1984 மார்ச் மாதத்தில் ஒரு நள்ளிரவில், வீடு மாற்றும் லாரிகளில் அணியின் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு உரிமையாளர் இண்டியானாபோலிஸ் நகருக்குப் போய்விட்டார். விடிந்து பார்த்தபோது ஊருக்கு அணி இல்லை. அந்த ஊர் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. 1996-இல் அதற்கு ஓர் அணி கிடைத்தது. அதுவும் கிளீவ்லாந்து நகரிலிருந்து அழைத்து வரப்பட்ட அணி.

கிளீவ்லாந்து மக்கள் ஒன்று செய்தனர். நீதிமன்றப் படியேறி, அணி போனாலும் ‘பிரௌன்ஸ்’ என்ற பெயரும் சீருடை வண்ணமும் பழைய சாதனைக் குறிப்புகளும் எங்கள் ஊருக்கே சொந்தம் என்று உடன்பாடு பெற்றனர். 1999-இல் புதிய அணி அமைந்தபோது அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டனர். பெயர் என்பது வெறும் எழுத்தல்ல, அதுவும் ஓர் உடைமை என்பதை உணர்ந்தவர்கள் அவர்கள்.

ஐந்து டாலர் பங்கு

இத்தனை பெரிய நகரங்கள் அணிகளை இழந்த அதே நாட்டில், ஒரு சிறிய ஊர் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தன் அணியை இழக்காமல் காத்து வருகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே என்பது அந்த ஊர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை 1,07,000-க்குச் சற்று அதிகம். நம் கோவில்பட்டியின் மக்கள் தொகை 2011-இல் ஏறத்தாழ 95,000. ஆக, கோவில்பட்டி அளவுள்ள ஓர் ஊருக்கு அமெரிக்கக் கால்பந்தின் முதல் வரிசையில் ஓர் அணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி முன்னேறும் ஆட்டம்.

அந்த அணி 1919-இல் தொடங்கியது. கர்லி லாம்போ என்ற இளைஞர் ஓர் இறைச்சி டப்பாத் தொழிற்சாலையில் எழுத்தர். சீருடை வாங்கப் பணம் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார். 500 டாலர் கிடைத்தது. ஆடுவதற்கு ஆலையின் திடலும் கிடைத்தது. தொழிற்சாலையின் பெயர் ‘இந்தியன் பேக்கிங் கம்பெனி’. இங்கே இந்தியன் என்பது நம்மை அன்று, அமெரிக்கத் தொல்குடிகளைக் குறிக்கும். ஆலையின் நினைவாக அணிக்கு ‘பேக்கர்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது. ஆலைக் குழுவாகத் தொடங்கியது என்ற அளவில் நம் ஊர் மில் அணிகளுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு பின்னால் வந்தது. ஆலை விரைவிலேயே கைமாறி மறைந்தது. அணிக்கோ மழையால் வசூல் கெட்டுக் கடன் ஏறியது. அப்போது ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் கூடி, 1923-இல் அணியை லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்து, பங்கு ஒன்று 5 டாலர் வீதம் ஊர் மக்களுக்கே விற்றனர். பிறகு நெருக்கடி நேர்ந்த 1935, 1950 ஆகிய ஆண்டுகளிலும், அரங்கை விரிவாக்கும் தேவைக்காக 1997, 2011, 2021 ஆகிய ஆண்டுகளிலும் மீண்டும் பங்குகள் விற்கப்பட்டன. இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இந்தப் பங்கு வாங்கினால் ஈவுத்தொகை கிடையாது. லாபத்துக்கு விற்க முடியாது. ஆட்டம் பார்க்க இலவச நுழைவுச் சீட்டும் இல்லை. ஆண்டுக்கொரு முறை பொதுக்குழுவுக்குச் சென்று கணக்குக் கேட்கலாம். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கலாம். அவ்வளவுதான். இதற்காகவா மக்கள் பணம் கொடுத்தனர் என்று வியப்புத் தோன்றும். அவர்கள் வாங்கியது லாபத்தை அன்று. ‘இந்த அணியை எவரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது’ என்ற உறுதியை வாங்கினார்கள்.

அன்பு மட்டுமே அந்த அணியைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது உண்மைக்குப் புறம்பாகும். இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கூட்டமைப்பில் 1960-களிலிருந்து தேசிய அளவிலான தொலைக்காட்சி வருவாய் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. நியூயார்க் அணிக்கு எவ்வளவோ அவ்வளவே கிரீன் பே அணிக்கும். ஊர் தன் பங்கைச் செய்தது. கூட்டமைப்பு சிறிய ஊருக்கும் சமநீதி செய்தது. இரண்டும் சேர்ந்தே அணி நிலைத்தது. 13 முறை தேசிய வாகையர் பட்டம் வென்ற அந்த அணியின் அரங்கில் 81,000 பேர் அமரலாம். ஏறத்தாழ ஊர் முழுவதும் உள்ளே அமர்ந்துவிடலாம் என்று பொருள். பனிக்காலத்தில் ஆட்டத்துக்கு முன் இருக்கைகளில் குவிந்த பனியை அள்ள ஊர் மக்களே மண்வாரியோடு வந்து நிற்பது வழக்கம். அந்தப் பணிக்குக் கூலியும் தரப்படுகிறது.

நாற்பது கிலோமீட்டர் தொலைவில்

கிரீன் பே போன்ற ஊர் நம்மிடம் உண்டா? கழுகுமலை வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர் சென்றால் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊரைத் தமிழக ஹாக்கி ரசிகர்கள் வேறு விதமாகவே அறிவர். தமிழகத்தில் ஹாக்கியின் நாற்றங்கால் அது.

கோவில்பட்டியின் பெயரில் கோடிகள் புரளும் தொழில்முறை அணி எதுவும் இல்லை. ஆனால் ஊரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மட்டையும் கையுமாகத் திரியும் சிறுவர்களைக் காணலாம். அப்பன் ஆடிய ஆட்டத்தை மகன் ஆடுகிறான். அண்ணன் பயன்படுத்திய மட்டை தம்பிக்கு வருகிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி அங்கே நடக்கும்போது வடநாட்டிலிருந்து வரும் ரயில்வே, வங்கி அணிகளின் ஆட்டத்தைக் காண மைதானம் நிறைந்துவிடும். கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை மைதானம் அமைந்திருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் பிற மாவட்ட மாணவர்களும் தங்கிப் பயிற்சி பெறுகின்றனர். தேசிய ஜூனியர் ஆடவர் ஹாக்கிப் போட்டி 2021 டிசம்பரிலும் 2022 மே மாதத்திலும் கோவில்பட்டியிலேயே நடைபெற்றது.

அதே 2022 மே மாதத்தில் ஜகார்த்தா நகரில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருவர் தமிழர். ஒருவர் கோவில்பட்டியின் மைந்தர் மாரீஸ்வரன் சக்திவேல். மற்றவர் அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விடுதியில் பயின்ற கார்த்தி செல்வம். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் போட்டார். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் அவர் இடம் பெற்றிருந்தார்.

இங்கே தூத்துக்குடியையும் கோவில்பட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாவட்டத்து ஊர்கள். ஒன்றுக்குப் பெயர் தாங்கிய அணி கிடைத்தது, கோப்பையும் கிடைத்தது, ஆடுகளம் கிடைக்கவில்லை. ஐந்தாண்டுகளில் எல்லாம் போயிற்று. மற்றொன்றுக்குப் பெயர் தாங்கிய பெரிய அணி இல்லை. ஆனால் ஆடுகளம் உண்டு, பயிற்சி தருவோர் உண்டு, பார்க்க வரும் மக்கள் உண்டு, அடுத்த தலைமுறைச் சிறுவர்கள் உண்டு. இவற்றை எவரும் விலைக்கு வாங்கிச் சேலத்துக்கோ திருப்பூருக்கோ கொண்டுபோக முடியாது. ஊருக்கு உரிய அணி என்பது பெயரில் இல்லை. இந்த நான்கிலும்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

கோயில் கொடையும் சுழற்கோப்பையும்

நம் சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு வருவோம். ஆடித்தபசும் தறிச் சத்தமும் பூச்சந்தையும் நமக்குப் பெருமை. விளையாட்டில் நம் பெருமை கிராமங்களில் இருக்கிறது. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மின்னொளியில் கபடிப் போட்டியும் கைப்பந்துப் போட்டியும் நடவாத ஊர் குறைவு. நுழைவுக் கட்டணம் கட்டி ஊர் ஊராக வந்து ஆடும் குழுக்களின் பனியனில் ஊர்ப் பெயர்தான் முதலில் இருக்கும். உதவி செய்த கடையின் பெயர் முதுகில் இருக்கும். சுழற்கோப்பையை மூன்று முறை தொடர்ந்து வென்ற குழு அதை ஊர்ச் சாவடியில் வைத்து மாலை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தகைய கிராமக் குழுக்கள் எளியவை என்று எண்ண வேண்டாம். தூத்துக்குடி மாவட்டம் மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். நாடு அவரை இன்றும் மணத்தி கணேசன் என்றே அழைக்கிறது. ஊர் தன் பெயரை அணிக்குத் தரவில்லை, ஆட்டக்காரருக்கே தந்துவிட்டது.

ஆனால் இந்தக் குழுக்களின் ஆயுள் குறைவு. என் சொந்தக் கிராமத்தில் கைப்பந்துக் குழு ஒன்று இருந்தது. என் சித்தப்பா அதில் பந்தை உயர்த்திக் கொடுப்பவர். நான் பள்ளியில் படித்தபோது மாலை நான்கு மணிக்குக் கம்பத்தில் வலை ஏறிவிடும். பிறகு ஒருவர் திருப்பூருக்குப் போனார்; இருவர் கேரளத்துக்குப் போனார்கள்; சித்தப்பா சென்னையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆட்களைவிட முக்கியமானது ஒன்றும் போயிற்று. கம்பம் நட்டிருந்த தனியார் நிலம் மனைப்பிரிவாக மாறியது. அதற்குப் பின் வளர்ந்த சிறுவர்களுக்கு அங்கே ஒரு குழு இருந்தது என்பதே தெரியாது. வென்ற கோப்பைகள் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வீட்டைக் காட்டுகிறார்கள். எந்த ஆண்டு, எந்த ஊரில், யாரை வென்றார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பால்டிமோர் மக்களாவது தம் அணி போன தேதியைச் சொல்லுவார்கள். நம் குழுக்கள் எந்தத் தேதியில் மறைந்தன என்பதையும் நாம் குறித்து வைக்கவில்லை.

நாம் செய்யக் கூடியவை

பெரிய பணம் இல்லாமலே நாம் செய்யக் கூடியவை சில உண்டு.

முதலாவது, ஆடுகளம். தனியார் இடத்தில் நடும் கம்பம் அவர் மனம் மாறும் வரைதான் நிற்கும். ஊராட்சிக்குரிய பொது இடத்தையோ பள்ளித் திடலையோ விளையாட்டுக்கென உறுதி செய்துகொள்ள, கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். குடியரசு நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றில் கிராம சபை கூடுவதை நாம் அறிவோம். அங்கே போய்ப் பேசும் கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது, பதிவும் கணக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். கைப்பந்துக் குழுவில் களத்தில் நிற்பவர்களே ஆறு பேர். வெளியே நின்று ஊக்குவிக்கும் ஒருவரைச் சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடும். வெளியூரில் வேலை செய்யும் பழைய ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை அனுப்பினால் வலைக்கும் பந்துக்கும் கவலை இல்லை. அவர்கள் அனுப்பும் பணத்துக்கு வரவு செலவு எழுதி ஆண்டுதோறும் காட்ட வேண்டும். கிரீன் பே மக்கள் 1923-இல் செய்தது சாராம்சத்தில் இவ்வளவே.

மூன்றாவது, பின்வருவோர். இருபத்தைந்து வயதினர் ஆடும் குழுவுக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவர் குழு ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். மூத்தவர்கள் வேலைக்குப் போகும்போது குழு கலையாமல் இருக்க இதுவே வழி. கோவில்பட்டியின் பலம் இதில்தான் இருக்கிறது.

நான்காவது, ஏடு. இது நம் கல்லூரிக்கே உரிய பணி. ஆண்டுதோறும் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு நம் மாணவ மாணவியர் சென்று வருகின்றனர். வென்றவர் பெயர் அறிவிப்புப் பலகையில் சில நாள் இருக்கும், பின்பு அழிந்துவிடும். இந்த ஆண்டு மலரிலேயே ஒரு பக்கத்தை அதற்கென ஒதுக்கி, ஒவ்வோர் அணியிலும் ஆடியவர்களின் பெயர், ஊர், மோதிய கல்லூரி, முடிவு ஆகியவற்றைத் தோல்வியானாலும் மறைக்காமல் அச்சிட வேண்டும் என்று உடற்கல்வி இயக்குநர் அவர்களையும் மலர்க் குழுவினரையும் கேட்டுக்கொள்கிறேன். கிராமங்களிலிருந்து வரும் நண்பர்கள் தத்தம் ஊர்க் குழுவின் பழைய ஆட்டக்காரர்களிடம் கேட்டு எழுதிக் கொடுத்தால் அதையும் சேர்க்கலாம். இருபது ஆண்டு மலர்களை அடுக்கிப் பார்த்தால் அதுவே இந்த வட்டாரத்தின் விளையாட்டு வரலாறாகிவிடும்.

நெல்லை அணி வெல்லட்டும். சென்னை அணியும் வெல்லட்டும். கைதட்டுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவை நாளை வேறு பெயர் சூட்டிக்கொண்டு வேறு ஊருக்குச் சென்றாலும் நம்மால் தடுக்க இயலாது. நம் ஊரில் நம் பிள்ளைகள் ஆடும் குழுவை மட்டும் நாமாகக் கைவிட்டாலொழிய எவரும் கொண்டுபோக முடியாது. வரும் பொங்கலுக்கு ஊருக்குச் செல்லும் நண்பர்கள், அங்கே வலை கட்டும் கம்பம் இன்னும் நிற்கிறதா, அது யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதை முதலில் விசாரித்து வாருங்கள்.